மிளகுப் பொடியில் ஸ்போர் தேடும் அச்சுப் பாலிமர் சென்சார்: அச்சில்லாத படலமும் அதே அளவு காட்டுவது ஏன்?

கேள்வி: ஆத்தங்குடி_ஆய்வுமாணவி

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் முதுகலை ஆய்வுத்திட்டம் செய்கிறேன். தேவகோட்டைப் பக்கம் மசாலா அரைக்கும் சிறு தொழிற்கூடங்களில் மிளகு, மிளகாய், கல்பாசி எல்லாவற்றிலும் பேசில்லஸ் வகை ஸ்போர்கள் (பாக்டீரியா எடுக்கும் கெட்டி உறையுள்ள உறங்குநிலை வடிவம்) எவ்வளவு இருக்கின்றன என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்லும் சென்சார் வேண்டும் என்பது திட்டம். முழு ஸ்போருக்கு அச்சு எடுக்கவில்லை. ஸ்போரின் உள்ளே இருக்கும் டைபிகோலினிக் அமிலத்துக்குத்தான் (இனி டிபிஏ) அச்சு எடுக்கிறேன்; அதாவது அதைச் சுற்றிப் பாலிமர் படலம் வளர்த்து, பிறகு அதை வெளியேற்றி அதே வடிவக் குழியை விடுகிறேன்.

செய்முறை இதுதான். அச்சிட்ட கார்பன் மின்முனைப் பட்டை, 3 மி.மீ. வட்டம். ஆர்த்தோ-ஃபினிலீன்டையமீன் 10 மில்லிமோலார், டிபிஏ 5 மில்லிமோலார், இரண்டும் பிஎச் 5.2 உள்ள 20 மில்லிமோலார் அசிட்டேட் பஃபரில். 0 முதல் 0.8 வோல்ட் வரை, நொடிக்கு 50 மில்லிவோல்ட், 20 சுற்று. பிறகு பட்டையை முழுதாக 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 15 நிமிடம், அப்புறம் மெத்தனாலில் 5 நிமிடம் முக்கி டிபிஏவை வெளியேற்றுகிறேன். பிஎச் 7.4 பாஸ்பேட் பஃபரில் டிபிஏ கலந்து 10 நிமிடம் வைத்து, ஃபெர்ரி/ஃபெர்ரோசயனைடு 5 மில்லிமோலாரில் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறேன்.

1 மைக்ரோமோலார் டிபிஏவுக்கு எம்ஐபியில் (அச்சுள்ள படலம்) 22 விழுக்காடு குறைகிறது. டிபிஏ சேர்க்காமல் செய்த என்ஐபியிலும் (அச்சில்லாத படலம்) 18 விழுக்காடு. கழுவிய பிறகு எம்ஐபியில் மின்னோட்டம் திரும்புகிறது, ஆனால் என்ஐபியிலும் முக்கால்வாசி திரும்பிவிடுகிறது. 1 கிராம் மிளகுப் பொடியை 10 மி.லி. தண்ணீரில் போட்டு ஆட்டோகிளேவ் செய்து வடிகட்டி விட்டால் இரண்டிலும் 60 விழுக்காடு விழுகிறது. அச்சே விழவில்லையா? நானோதுகள் எம்ஐபிக்கு மாறினால் சரியாகுமா?

---

பதில் 1: மின்முனை

நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. என்ஐபியை 0.1 மோலார் காரத்தில் கழுவினால் மின்னோட்டம் திரும்பக் கூடாது. ஆர்த்தோ-ஃபினிலீன்டையமீன் படலம் மெல்லியது, மின்காப்பு உள்ளது, தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்வது. நன்றாக விழுந்தால் ஃபெர்ரிசயனைடின் உச்சம் ஏறத்தாழ மறைந்து, கழுவிய பிறகும் என்ஐபியில் அப்படியே மறைந்திருக்கும். முக்கால்வாசி திரும்புகிறது என்றால் படலத்தில் பொத்தல் இருக்கிறது, அல்லது கழுவும்போது உரிகிறது. இதைச் சரி செய்யாமல் டிபிஏ அளப்பதில் பயனில்லை, ஏனென்றால் நீங்கள் பார்க்கும் 18 விழுக்காடு வெறும் கார்பன் பரப்பின் நடத்தையாகக்கூட இருக்கலாம்.

ஏன் பொத்தல்? என் சந்தேகங்கள், முக்கியமானது முதலில்.

பஃபர். 20 மில்லிமோலார் அசிட்டேட்டில் 5 மில்லிமோலார் டிபிஏவை அமிலமாகப் போடுகிறீர்கள். அது இரு புரோட்டான் அமிலம். பிகேஏ (புரோட்டான் பாதி இறங்கியிருக்கும் பிஎச்) சுமார் 2.2, 4.8. முதல் புரோட்டான் முழுதாக இறங்கும், இரண்டாவதில் பாதி. கணக்குப் போட்டால் எம்ஐபி கரைசல் 4.8 பக்கம் வந்துவிடும். என்ஐபி கரைசலில் அமிலம் இல்லை, அமீன் மட்டும், ஆகவே அது 5.3க்கு மேல் நிற்கும். இரண்டு கரைசலுக்கும் அரை அலகு வித்தியாசம். இந்த அமீனின் பிகேஏ சுமார் 4.5, எனவே இதே இடைவெளியில்தான் புரோட்டான் ஏறிய பங்கும் மாறுகிறது. அமிலம் கூடக்கூட மின்காப்புப் படலத்தோடு மின்கடத்தும் ஏணி வகைப் பாலிமரும் கலந்து வளரும். ஆக உங்கள் எம்ஐபியும் என்ஐபியும் ஒரே படலத்தின் அச்சுள்ள, அச்சற்ற வடிவங்கள் அல்ல. இரண்டு வேறு படலங்கள். அவற்றை ஒப்பிட்டு அச்சு விழுந்ததா என்று சொல்ல முடியாது. தீர்வு எளிது: பஃபரை 100 மில்லிமோலார் ஆக்குங்கள், எல்லாவற்றையும் கரைத்து முடித்த பிறகு பிஎச் மீட்டரை விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டி இரண்டையும் 5.2க்கு கொண்டுவாருங்கள். பஃபர் புட்டியின் மேல் எழுதியிருக்கும் பிஎச் இங்கே உதவாது.

ஒப்பீட்டு மின்முனை. பட்டையில் இருப்பது போலி ஒப்பீட்டு மின்முனை, வெள்ளி/வெள்ளிக் குளோரைடு மை. அதன் மின்னழுத்தம் கரைசலில் உள்ள குளோரைடைப் பொறுத்தது. உங்கள் அசிட்டேட் பஃபரில் குளோரைடே இல்லை. நிலையில்லாமல் மிதக்கும், நீங்கள் 0.8 வோல்ட் என்று நினைப்பது உண்மையில் எது என்று தெரியாது, பட்டைக்குப் பட்டை மாறும். 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிட மோசம், முழுப்பட்டையையும் காரத்தில் முக்குவது. வெள்ளிக் குளோரைடு காரத்தில் வெள்ளி ஆக்சைடாக மாறும், பிறகு ஒப்பீட்டு மின்முனை என்று ஒன்று இல்லை. மெத்தனால் காப்பு மையை ஊதவைக்கும், விளிம்பு வழியாகக் கரைசல் கசிந்து பரப்பளவு கூடும். என்ஐபியில் மின்னோட்டம் திரும்புவதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். கழுவும் திரவத்தை வேலை மின்முனை வட்டத்தின் மேல் மட்டும் 20 மைக்ரோலிட்டர் சொட்டாக வையுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்னும் நல்லது, முறையைச் சரிப்படுத்தும் வரை பட்டையையே விட்டுவிட்டு, 3 மி.மீ. கண்ணாடிக் கார்பன் மின்முனை, வெளி ஒப்பீட்டு மின்முனை, பிளாட்டினக் கம்பி என்று பழைய மூன்று மின்முனை அமைப்பில் வேலை செய்வது. 0.05 மைக்ரான் அலுமினாவில் தேய்த்து மறுபடி புதுப் பரப்பு எடுக்கலாம்; பட்டைச் செலவும் மிச்சம். செக்ரியும் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அழகப்பா பல்கலையும் இருக்கிற ஊரில் இதற்கெல்லாம் பஞ்சம் இல்லை.

மோனோமர். பழுப்பாக இருந்தால் ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது. வெந்நீரில் துளி சோடியம் டைதயோனைட் சேர்த்து மறுபடிகமாக்கினால் வெளிர் படிகம் வரும். கரைசலை அன்றன்று கலக்குங்கள், 10 நிமிடம் நைட்ரஜன் விடுங்கள். கையுறை கட்டாயம், தோல் வழியாக உடம்பில் ஏறும் நச்சு.

இவ்வளவும் செய்தபின் முதல் சுற்றில் 0.4–0.5 வோல்ட் பக்கம் ஆக்சிஜனேற்ற உச்சம் பெரிதாக வந்து, சுற்றுக்குச் சுற்று சரிந்து, இருபதாவது சுற்றில் ஏறத்தாழ தட்டையாக வேண்டும். ஒவ்வொரு மின்முனையிலும் செலவான மொத்த மின்னூட்டத்தைக் குறித்து வையுங்கள். எம்ஐபிக்கும் என்ஐபிக்கும் அது 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் அந்த ஜோடியை ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்று. அச்சு எடுத்தது 5.2இல், மறுபிணைப்பு 7.4இல். 7.4இல் டிபிஏ முழுவதும் இரு எதிர்மின் அயனி, 4.8இல் பாதி ஒரு எதிர்மின் அயனி. குழி ஒரு வடிவத்துக்கு, உள்ளே வருவது வேறு வடிவம். மறுபிணைப்பையும் அசிட்டேட்டில், அச்சு எடுத்த பிஎச்சிலேயே செய்யுங்கள்.

கடைசியாக, டிபிஏ இல்லாத வெறும் பஃபரில் 10 நிமிடம் வைத்து மின்னோட்டம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தீர்களா? கழுவிய புதுப் படலம் ஊறிக்கொண்டே இருக்கும், சும்மாவே 5 முதல் 10 விழுக்காடு நகர்வது சாதாரணம். நகர்வு நிற்கும் வரை பஃபரில் ஊறவைத்து, அந்த மதிப்பையே ஒவ்வொரு மின்முனைக்கும் சொந்தத் தொடக்கப்புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

---

பதில் 2: நுண்ணுயிர் மேசை

மின்வேதிப் பக்கத்தை மேலே அண்ணன் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் மிளகுச் சாற்றுக்கு வருகிறேன். சென்சார் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் உங்கள் மாதிரித் தயாரிப்பில் அது எதையும் காணாது. கணக்கைப் பாருங்கள்.

ஸ்போரின் உலர் எடையில் 5 முதல் 15 விழுக்காடு டிபிஏ, கால்சியத்தோடு சேர்ந்த உப்பாக மையத்தில் அடைந்திருக்கிறது. ஒரு ஸ்போருக்கு 3 × 10⁻¹⁶ மோல் என்று வைத்துக்கொள்ளலாம். கிராமுக்கு 10,000 ஸ்போர் உள்ள மிளகு; 1 கிராம் 10 மி.லி.யில் என்றால் மி.லி.க்கு 1,000 ஸ்போர். எல்லா டிபிஏவும் வெளிவந்தாலும் 0.3 நானோமோலார். நீங்கள் சோதித்த 1 மைக்ரோமோலாரைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் குறைவு. ஆகவே அந்த 60 விழுக்காட்டுச் சரிவு டிபிஏ அல்ல. ஆட்டோகிளேவில் வெந்து கஞ்சியான மாவுச்சத்து, மிளகு எண்ணெய், பீனால்கள் எல்லாம் சேர்ந்து மின்முனையை மூடுகின்றன. மிளகில் மாவுச்சத்து ஏராளம். முதலிலேயே வேகவைத்தால் பிரிக்க வழியே இல்லை.

வரிசையை மாற்றுங்கள். ஸ்போரை முதலில் முழுதாகப் பிரித்துக் கழுவித் திரட்ட வேண்டும், கடைசியில்தான் உடைக்க வேண்டும். ஸ்போர் கெட்டியாக மூடியிருப்பதே நமக்குச் சாதகம்: உடையாமல் இருக்கும் வரை டிபிஏ வெளியே வராது, எனவே வெளியே உள்ள அத்தனையையும் பயமில்லாமல் கழுவித் தள்ளலாம்.

25 கிராம் பொடி, 225 மி.லி. கரைசல் (0.1 விழுக்காடு பெப்டோன், 0.1 விழுக்காடு ட்வீன் 80). ட்வீன் இல்லாவிட்டால் ஸ்போர் எண்ணெய்ப்பசையுள்ள துகளோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். 15 நிமிடம் குலுக்கி, வடிகட்டிப் பையில் வடித்து, 100 ஜியில் 5 நிமிடம் சுழற்றுங்கள். கரடு அடியில் போகும், ஸ்போர் மேலே நிற்கும். மேல்நீரை 8,000 ஜியில் 15 நிமிடம், 4 பாகையில். அடியில் வருவது ஸ்போரும் நுண்தூளும்.

அந்த வண்டலை 50 விழுக்காடு எத்தனாலில் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். பைப்பரின் தண்ணீரில் கரையாது, எத்தனாலில் நிறையவே போகும், எண்ணெயும் போகும். எத்தனால் ஸ்போரை ஒன்றும் செய்யாது, ஆனால் வளர்நிலைப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். பிறகு குளிர்ந்த மலட்டு நீரில் மூன்று முறை கழுவல். ட்வீன் மிச்சம் இருந்தால் அதுவே சென்சாரை மூடும் என்பதால் கழுவலில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்றாவது கழுவலின் மேல்நீரைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் உங்கள் உண்மையான வெற்று மாதிரி. அதில் சென்சார் அசைந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

மாவுச்சத்து விடாமல் நின்றால் ஆல்ஃபா அமைலேஸ் போடலாம். ஆனால் சந்தையில் விற்கும் அந்த நொதியே பெரும்பாலும் பேசில்லஸிலிருந்து எடுப்பது. நொதியை மட்டும் தனியே அளந்து பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

இப்போது வண்டலை 0.5 மி.லி. நீரில் எடுத்து, திருகுமூடிக் குழாயில் 121 பாகை, 20 நிமிடம். குளிர்ந்ததும் சுழற்றி மேல்நீரை எடுத்து, கெட்டியான அசிட்டேட் பஃபர் சிறிது சேர்த்து 5.2க்கு கொண்டுவந்தால் மாதிரி தயார். டோடெசிலமீன் கொண்டும் டிபிஏவை வெளியேற்றலாம், ஆனால் அது சோப்புப் போன்ற பொருள், மின்முனைக்கு ஆகாது. திரும்பக் கணக்கு: 25 கிராமில் இரண்டரை லட்சம் ஸ்போர், பாதி வழியில் போனாலும் 0.5 மி.லி.யில் 75 நானோமோலார். இது ஒழுங்கான எம்ஐபி தொடக்கூடிய அளவு. உங்கள் இலக்கு இந்த எண்தான். ஃபெம்டோமோலார் வரை காணும் என்று அறிவிக்கும் கட்டுரைகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். மடக்கை அளவில் வரைந்த நேர்கோட்டின் சாய்வை வைத்து 3 சிக்மா (சிதறலைப்போல் மும்மடங்கு) போட்டால் எண் எவ்வளவு சின்னதாகவும் வரும், அதற்கு அர்த்தம் கிடையாது. வெற்று மாதிரியைப் பல மின்முனைகளில் அளந்து, அதன் சிதறலுக்கு மேலே தெளிவாக நிற்கும் மிகச் சிறிய செறிவையே சொல்லுங்கள்.

கால்சியத்தையும் கவனியுங்கள். டிபிஏ–கால்சியம் பிணைப்பின் மடக்கை மாறிலி சுமார் 4.4. நானோமோலார் அளவில், தூய நீரில் அது தானே பிரிந்துவிடும். ஆனால் கழுவிய தண்ணீரில் மில்லிமோலார் கால்சியம் இருந்தால் டிபிஏவில் பெரும்பங்கு கால்சியத்தோடு பிணைந்தே இருக்கும், குழிக்குள் உட்காராது. குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ எந்தக் கட்டத்திலும் வேண்டாம், கண்ணாடிப் பாத்திரம் அலசுவதற்கும் கூட.

அளவுத்திருத்தத்துக்கு பேசில்லஸ் சீரியஸை வளர்க்க வேண்டாம். ஆட்டோகிளேவ் சோதனைக்கு விற்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் பட்டையோ கரைசலோ வாங்குங்கள். எண்ணிக்கை உறையிலேயே அச்சிட்டிருக்கும், நோய் உண்டாக்காது. மலட்டு மிளகில் அதைத் தெரிந்த அளவு கலந்து, எத்தனை விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்தால்தான் மேலே நான் சொன்ன ‘பாதி’ உங்கள் கையில் எவ்வளவு என்று தெரியும்.

---

ஆத்தங்குடி_ஆய்வுமாணவி

இரண்டு பேருக்கும் நன்றி. பிஎச் மீட்டரை வைத்துப் பார்த்தேன், எம்ஐபி கரைசல் 4.8, என்ஐபி 5.3. அப்படியே நீங்கள் சொன்னது. பஃபரை மாற்றிவிட்டேன், கண்ணாடிக் கார்பனில் என்ஐபி இப்போது கழுவிய பிறகும் மூடியே இருக்கிறது.

இரண்டு கேள்விகள் பாக்கி. சென்சார் சொல்வது சரியா என்று வேறு முறையில் சரிபார்க்க டெர்பியம் ஒளிர்வு போதுமா? மஞ்சள் கலந்த மசாலாவில் பச்சையாக ஒரு பின்னணி வருகிறது. நானோதுகள் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

பதில் 3: ஒளிர்மை

டெர்பியம் போதும். சொல்லப்போனால் உங்கள் சென்சாரைவிட அது நம்பகமானது, அதனால்தான் சரிபார்ப்புக்கு ஏற்றது. டிபிஏ புற ஊதாவை உறிஞ்சி ஆற்றலை டெர்பியத்துக்குக் கொடுக்கும். 490, 545, 585, 620 நானோமீட்டரில் கோடுகள், 545 மிகப் பலமானது. டெர்பியம் குளோரைடு 10 மைக்ரோமோலார், அசிட்டேட் பஃபர், பிஎச் 5 முதல் 5.6. டெர்பியம் எப்போதும் டிபிஏவைவிட நிறைய மிகுதியாக இருக்கட்டும். டிபிஏ கூடிவிட்டால் ஒன்றுக்கு மூன்று என்ற சேர்மம் உருவாகி நேர்கோடு வளையும்.

உங்கள் பச்சைப் பின்னணி குர்குமின். 425 பக்கம் உறிஞ்சி 500–550இல் ஒளிரும், சரியாக 545இன் மேல் உட்காரும். நல்லவேளை, அதன் ஆயுள் நானோநொடிகள். டெர்பியத்தினுடையது மில்லிநொடி அளவு. கருவியில் காலக்கதவு வசதி (கிளர்ச்சி ஒளி நின்றபின் சற்றுத் தாமதித்து அளப்பது) இருந்தால் 50 முதல் 100 மைக்ரோநொடி தாமதம், 1 அல்லது 2 மில்லிநொடித் திறப்பு என்று வையுங்கள். குர்குமின் மறைந்துவிடும். ஆனால் குர்குமினும் மிளகுப் பீனால்களும் 270–280இல் கிளர்ச்சி ஒளியையே தின்றுவிடுவதைக் காலக்கதவு தடுக்காது. அதற்கு ஒரே வழி மாதிரியிலேயே தெரிந்த அளவு டிபிஏ சேர்த்து, ஏற்றம் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கிடும் சேர்ப்பு முறை. வெளியே வரைந்த அளவுத்திருத்தக் கோட்டை மசாலாவுக்குப் பயன்படுத்தினால் எப்போதும் குறைவாகவே காட்டும்.

இந்த முறையில் பலரும் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 272 நானோமீட்டரில் கிளர்ச்சி கொடுத்தால் கீற்றணியின் (கருவிக்குள் ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் பகுதி) இரண்டாம் வரிசை 544இல் விழும். வெறும் தண்ணீரே டிபிஏ இருப்பதுபோல அழகாக ஒரு உச்சம் காட்டும். வெளிவரும் பக்கத்தில் 420க்குக் கீழே வெட்டும் வடிகட்டி போடுங்கள், அல்லது காலக்கதவு. குவெட் குவார்ட்ஸாக இருக்க வேண்டும். சாதாரண பிளாஸ்டிக்கில் 275 நுழையாது.

பாஸ்பேட் எந்த வடிவிலும் வரக் கூடாது, டெர்பியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும். உங்கள் 7.4 பாஸ்பேட் பஃபரை விட்டது இதற்கும் நல்லது. கால்சியத்தைப் பிடிக்க யாராவது இடிடிஏ போடச் சொன்னால் டெர்பியம் குழாயில் போடாதீர்கள். இடிடிஏவும் டெர்பியத்தைச் சுற்றிக்கொண்டு ஒளிர்வை மாற்றிவிடும்.

கல்பாசி தனி வகை. அது லைக்கன், லைக்கன்களில் கால்சியம் ஆக்சலேட்டும் அட்ரனோரின் போன்ற பீனால் சேர்மங்களும் சாதாரணம். ஆக்சலேட்டும் இரு கார்பாக்சில் அமிலம், டெர்பியத்தையும் பிடிக்கும். சென்சாரின் தேர்வுத்திறனைச் சோதிக்கும் பட்டியலில் ஆக்சலிக் அமிலத்தைச் சேருங்கள். கூடவே டிபிஏவின் நெருங்கிய உறவுகள்: பிகோலினிக் அமிலம், நிகோட்டினிக் அமிலம், பிரிடின்-2,3-டைகார்பாக்சிலிக், ஐசோஃப்தாலிக். கடைசியதில் இரண்டு கார்பாக்சிலும் ஏறத்தாழ அதே கோணத்தில் இருக்கும், நடுவில் நைட்ரஜன் மட்டும் இல்லை. ஐசோஃப்தாலிக்கையும் டிபிஏவையும் உங்கள் படலம் பிரித்தால் அச்சு உண்மையானது என்று தைரியமாகச் சொல்லலாம். குளுக்கோஸையும் உப்பையும் வைத்துத் தேர்வுத்திறன் காட்டுவதெல்லாம் பக்கத்தை நிரப்பத்தான்.

நானோதுகள். இன்று நம்பகமான வழி திண்மப் பரப்பு முறை: 75–100 மைக்ரான் கண்ணாடி மணியை காரத்தில் கொதிக்கவைத்து, சிலேன் ஏற்றி, அதன்மேல் வார்ப்பு மூலக்கூறைக் கட்டி, சுற்றிலும் என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு கலவையை நைட்ரஜனில் ஒரு மணி நேரம் பாலிமராக்குவது. குளிர்நீர்க் கழுவலில் பிணைப்பு மோசமான துகள்கள் போகும்; 60 பாகை நீரில் நல்லவை இறங்கும். வார்ப்பு மணியிலேயே தங்கிவிடுவதால் பிறகு டிபிஏ கசிந்து பொய் காட்டும் தொல்லை இல்லை. இது உண்மையான ஆதாயம்.

சிக்கல், டிபிஏவை எப்படிக் கட்டுவது என்பதில். வழக்கமான கார்போடைஇமைடு முறையில் ஒரு கார்பாக்சிலைச் செலவழித்துத்தான் கட்ட முடியும். பிறகு பாலிமர் பார்ப்பது அரை டிபிஏவை. அச்சும் அரை அச்சு, பிகோலினிக் அமிலத்துக்கும் சேர்த்துக் குழி விழும். செலிடாமிக் அமிலம் டிபிஏவேதான், 4ஆம் இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் கூடுதல். அந்த முனையில் கைப்பிடி வைத்த வழிப்பொருளைக் கட்டினால் இரண்டு கார்பாக்சிலும் நைட்ரஜனும் வெளியே பார்க்கும். வேதித்தொகுப்பில் கொஞ்சம் உழைப்பு கேட்கும்.

இன்னொன்று நம்ம ஊர் வெயில். அந்தப் பாலிமர் தண்ணீரில் 32 பாகைக்கு மேல் சுருங்கும். டெர்ட்-பியூட்டைல் அக்ரிலமைடு சேர்த்தால் அந்த எல்லை இன்னும் இறங்கும். சித்திரை, வைகாசியில் குளிரூட்டி இல்லாத அறையில் துகள் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, குழியும் உருமாறியிருக்கும். காலையில் ஒரு எண், மதியம் வேறு எண் வரும். பாலிமராக்கம், பிணைப்பு, அளவீடு மூன்றும் ஒரே வெப்பநிலையில், நீர்த்தொட்டியில் வைத்து நடக்க வேண்டும். தொழிற்கூடத்துக்கு எடுத்துப்போகும் கருவிக்கு இந்தப் பாலிமரை நான் பரிந்துரைக்க மாட்டேன். படலம் இப்போது ஒழுங்காக விழுகிறது என்றால் அதிலேயே திட்டத்தை முடியுங்கள்.

---

பதில் 4: தேவகோட்டை மசாலா

தங்கச்சி, நான் அரைக்கிற ஆள், வேதியியல் அவ்வளவு தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் மிளகு, மல்லி, சோம்பு எல்லாம் வறுத்துத்தான் அரைக்கிறோம். வறுத்த பிறகும் இந்தக் கருவி ஸ்போர் இருக்கிறது என்று காட்டினால் அது உயிரோடு இருப்பதா, செத்ததா? செத்ததற்கும் சரக்கைத் திருப்பி அனுப்பினால் எங்கள் பாடு என்ன?

---

பதில் 5: நுண்ணுயிர் மேசை

அண்ணே, நியாயமான கேள்வி. டிபிஏ அளவு உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துச் சொல்லாது, இனத்தையும் சொல்லாது. பேசில்லஸ் சப்டிலிஸும் சீரியஸும் அதற்கு ஒன்றே. வறட்டு வெப்பத்தில் செத்த ஸ்போரில் டிபிஏ உள்ளேயே தங்கியிருக்கலாம் என்பதால், நன்றாக வறுத்த மசாலாவில் கருவி கூடுதலாகவே காட்டும். ஆனால் வறுத்தால் எல்லாம் செத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஈர வெப்பத்தில் 121 பாகையும் 15 நிமிடமும் போதுமான இடத்தில், வறட்டு வெப்பத்துக்கு 160 பாகையும் 2 மணி நேரமும் வேண்டும். வாணலியில் மணம் வந்ததும் இறக்கிவிடுகிறோம்.

எனவே இந்தச் சென்சாரை சரக்கைத் தள்ளுவதற்கான தீர்ப்பாக வைக்கக் கூடாது, சல்லடையாக வைக்கலாம். குறைவாகக் காட்டினால், திரட்டலில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று சரிபார்த்திருக்கும் வரை, அந்தச் சரக்கை நம்பலாம். அதிகமாகக் காட்டிய சரக்கை மட்டும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புங்கள்: 80 பாகையில் 10 நிமிடம் வைத்து, மானிட்டால்–முட்டைக்கரு–பாலிமிக்சின் அகாரில் 30 பாகையில் 24 முதல் 48 மணி நேரம். இளஞ்சிவப்புக் காலனி, சுற்றிலும் வெண்மையான படிவு வளையம் என்றால் சீரியஸ் என்று சந்தேகிக்கலாம்.

ஆய்வுமாணவிக்கு: முளைக்கக்கூடியதை மட்டும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கழுவிய வண்டலை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை 70 பாகையில் 30 நிமிடம் தூண்டி, ஆறவிட்டு, எல்-அலனினும் இனோசினும் சேர்த்து 37 பாகையில் 30 நிமிடம் வையுங்கள். முளைக்கும் ஸ்போர் டிபிஏவைத் தானே வெளியே தள்ளும், முளைக்க முடியாதது தள்ளாது. அதன் மேல்நீரில் வரும் டிபிஏ முளைக்கும் பங்கு, ஆட்டோகிளேவ் செய்த மற்ற பாதியில் வருவது மொத்தம். சில ஸ்போர்கள் இந்தத் தூண்டலுக்கு மசியாமல் உறங்கிக்கொண்டே இருக்கும்; வறட்டு வெப்பத்தில் செத்தவற்றில் சில முளைக்கவும் செய்யலாம், ஆகவே இது உயிருள்ள பங்கின் தோராயம்தான். அதையும் அறிக்கையில் எழுதுங்கள். அலனினும் இனோசினும் மட்டும் உள்ள கரைசலைச் சென்சாரில் விட்டு வெற்று அளவு எடுக்க மறக்க வேண்டாம்.

அண்ணே, உங்கள் பக்கம் செய்யக்கூடியது காயவைக்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்போர் வருவதே மண்ணிலிருந்துதான். மிளகாயும் மல்லியும் தரையில் நேராகக் காயாமல் விரிப்பின் மேல் காய்ந்தால், கல்பாசியைப் புடைத்துத் தூசி நீக்கிய பின் வறுத்தால், தொடக்க எண்ணிக்கையே இறங்கும். வாங்குபவருக்கும் ஒரு வரி அட்டையில் போடலாம்: சமைத்த குழம்பையும் பிரியாணியையும் மணிக்கணக்கில் வெளியே வைக்க வேண்டாம் என்று. கிராம் உணவுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிப் பெருகும்போதுதான் சீரியஸ் வழக்கமாக ஆளைப் படுக்கவைக்கும். அந்தப் பெருக்கம் மசாலா டப்பாவில் நடப்பதில்லை, ஆறிப்போன சட்டியில் நடக்கிறது. அது கக்கவைக்கும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

---

பதில் 6: மின்முனை

ஒரு சின்னச் சேர்ப்பு. ஃபெர்ரி/ஃபெர்ரோசயனைடு கரைசலைப் பழுப்புப் புட்டியில், இருட்டில் வையுங்கள். வெளிச்சத்திலும் அமிலத்திலும் சிதைந்து நீலப் படிவு தரும். 5.2 அசிட்டேட்டில் பிணைப்பை முடித்து, மின்முனையை நீரில் அலசி, பிறகு பொட்டாசியம் குளோரைடு மட்டும் உள்ள நடுநிலைக் கரைசலில்தான் ஃபெர்ரிசயனைடு அளவீடு. தங்க மின்முனைக்கு மாறும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தக் கரைசலிலிருந்து பிரியும் சயனைடு தங்கத்தை அரித்து, ஒரே மின்முனையில் இம்பிடன்ஸ் (மின்மறுப்பு) மதிப்பை அளவுக்கு அளவு நகர்த்தும்.